சாம்பல் யார் காவலில்?

(விக்ரோலியில் தமிழ் அன்பர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2008 நவம்பர் 26 இரவு தாஜ் ஹோட்டலின் மேல்மாடியில் பற்றிய தீயை நாம் எல்லோரும் பார்த்தோம். செம்பூரிலும் தாராவியிலும் இங்கே விக்ரோலியிலும் டி.வி.யை அணைக்க மனமில்லாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்த வீடுகள் எத்தனையோ. 1903-இல் திறந்த கட்டடம் அது. ஆறாவது மாடியில் ஹோட்டல் பொது மேலாளரின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மாட்டிக்கொண்டு இறந்துபோனார்கள். அந்த நேரத்தில் மேலாளர் விருந்தினர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

அந்தத் தீயை வைத்தது யார் என்று அன்று பெரும்பாலோர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாகவே தோன்றவில்லை. இன்று அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் எடுத்து வைக்கப் போகிறேன். தாஜைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது. அங்கே விடை கிடைத்தது, அதுவும் கிடைக்க வேண்டிய முறையில் கிடைத்தது. அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

உள்ளே இருந்த தீவிரவாதிகள் நான்கு பேரும் கராச்சியிலிருந்து தொலைபேசியில் பேசியவர்கள் சொன்னபடி நடந்தார்கள். மகாராஷ்டிர போலீஸ் அந்தப் பேச்சை அன்றிரவே ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தது. அறைக்குள் நுழைந்தவன் அங்கிருக்கும் பெரிய கம்ப்யூட்டர் திரைகளைப் பார்த்து மலைத்துப்போய் வர்ணிக்கிறான். மறுமுனையில் இருப்பவன், இன்னும் ஏன் தீ வைக்கவில்லை என்று கேட்கிறான். வெளியே நிற்பவர்கள் தீயைப் பார்த்தால்தான் பயப்படுவார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறான். அந்தப் பதிவு ஆர்தர் ரோடு சிறை வளாகத்தில் கூடிய தனி நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்தது. எதிரிக்கு வழக்கறிஞர் இருந்தார், குறுக்கு விசாரணை நடந்தது. 2010 மே மாதம் நீதிபதி தஹிலியானி தீர்ப்புச் சொன்னார். 2012 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது அந்த உரையாடல்களைத் தன் தீர்ப்பிலேயே விரிவாக எடுத்து எழுதியது. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே தன் உயிரைக் கொடுத்து, அன்றிரவு தாக்கியவர்களில் ஒருவனை உயிரோடு பிடித்துக் கொடுத்ததால்தான் அப்படி ஒரு விசாரணையே நடந்தது.

எல்லா முற்றுகைக்கும் இப்படி முடிவு வருவதில்லை. போலீஸோ ராணுவமோ ஒரு கட்டடத்தைச் சுற்றி வளைக்கிறது. உள்ளே ஆயுதம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அல்லது ஊரே இருக்கிறது. தீப்பிடிக்கிறது. உள்ளே இருந்தவர்கள் செத்துப்போகிறார்கள். வெளியே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே தரப்பு. சாம்பலைச் சுற்றிக் கயிறு கட்டுவதும் அந்தத் தரப்புதான், பத்திரிகைக்கு முதல் செய்தி கொடுப்பதும் அந்தத் தரப்புதான். பிறகு இருபது முப்பது ஆண்டுகளுக்கு அந்த நெருப்பைப் பற்றி இரண்டு கதைகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். குர்லா, பிவண்டி, தாராவி என்று எரிந்துபோன குடோன்களிலும் பட்டறைகளிலும்தான் என் வேலைக்காலம் கழிந்தது. தீ பேசும் என்பதை அந்த வேலையில் கற்றுக்கொண்டேன். முதலில் எரிந்த இடத்திலிருந்து தீ மேலேயும் பக்கவாட்டிலும் விரியும். சுவரில் அது விட்டுப்போகும் கறை கீழே குறுகி மேலே அகன்றிருக்கும். அதன் அடி முனையைத் தேடிப்போனால் தொடங்கிய இடம் கிடைக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில் அப்படிக் கறை இருந்தால், யாரோ வைத்த தீயா என்று யோசிக்கத் தொடங்குவோம். மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தால் தரையோட்டின் இடுக்கில், கருகிய கோணிக்கு அடியில் அதன் மிச்சம் தங்கியிருக்கும். அதைக் காற்றுப் புகாத தகர டப்பாவில் எடுத்து அன்றைக்கே முத்திரை வைக்க வேண்டும். சாதாரண பாலிதீன் பையில் போட்டால் ஆவி போய்விடும். லேபுக்குப் போய்ச் சேரும்போது அங்கே வெறும் கரிதான் இருக்கும். இறந்தவர் உடலும் பேசும். மூச்சுக்குழாயில் கரி படிந்திருந்தால், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால், தீ வந்தபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். இல்லையென்றால் அதற்கு முன்பே உயிர் போயிருக்கக்கூடும்.

இத்தனையும் முதல் சில நாள்களுக்குத்தான். ஒரு மழை பெய்தால் பாதி சாட்சி போய்விடும். ஜேசிபி உள்ளே வந்தால் மீதியும் போய்விடும். பிறகு எஞ்சுவது ஷார்ட் சர்க்யூட் என்ற ஒரு சொல். மறுநாள் காலைப் பத்திரிகையில் அது வந்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் சாம்பலைக் கிளறுவதில்லை.

காஷ்மீருக்கு வருவோம். ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி சரார்-இ-ஷரீஃப் என்று ஓர் ஊர். நுந்த் ரிஷி என்று காஷ்மீரிகள் உருகி அழைக்கும் ஷேக் நூருத்தீன் அங்கே அடங்கியிருக்கிறார். அவர் பதினைந்தாம் நூற்றாண்டில் மறைந்தவர். முஸ்லிம்களும் பண்டிதர்களும் ஒருசேர வணங்கிய ஞானி. தர்கா முழுக்க மரவேலை. சுற்றியிருந்த வீடுகளும் மரம்தான். 1995-இன் தொடக்கத்தில் மஸ்த் குல் என்பவன் தலைமையில் ஆயுதக் குழு ஒன்று ஊருக்குள் புகுந்து தர்காவைத் தன் கோட்டையாக்கிக்கொண்டது. ராணுவம் ஊரை வளைத்தது. வாரக்கணக்கில் முற்றுகை நீடித்தது. மே மாதம் பக்ரீத்தை ஒட்டிய நாள்களில் ஊர் பற்றி எரிந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் போயின. மே 10-க்கும் 11-க்கும் இடைப்பட்ட இரவில் தர்காவும் போனது.

தீவிரவாதிகள்தான் கொளுத்தினார்கள் என்றது ராணுவம். ராணுவம்தான் கொளுத்தியது என்று தீவிரவாதிகள் சொன்னார்கள், ஊர்க்காரர்கள் பலரும் சொன்னார்கள். மஸ்த் குல் அத்தனை காவலையும் கடந்து தப்பி, சில மாதங்களில் பாகிஸ்தானில் மாலை மரியாதையோடு தோன்றினான். அப்போது நரசிம்ம ராவ் அரசு காஷ்மீரில் தேர்தல் நடத்தும் முயற்சியில் இருந்தது. அது தள்ளிப்போனது. தர்காவைப் பின்னால் திரும்பக் கட்டினார்கள். யார் வைத்த தீ என்ற கேள்விக்கு மட்டும், இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும்படியான விடை இன்றுவரை இல்லை.

என் மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன். வழிபாட்டுத் தலத்தைப் பதுங்கு குழியாக்கியவன்தான் அந்த அழிவுக்கு முதல் பொறுப்பாளி. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் முதல் பொறுப்பாளி யார் என்பது வேறு, தீக்குச்சி யார் கையில் இருந்தது என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியின் விடையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மஸ்த் குல் கெட்டவன், ஆகவே அவன்தான் கொளுத்தியிருப்பான் என்று சொன்னால், தன் வீட்டை இழந்த சரார்வாசிக்கு அது விடையாகாது. அவர் கண்ணால் பார்த்தது ஒன்று இருக்கும். அதைக் கேட்க ஆள் வேண்டும். அமிர்தசரஸில் 1984 ஜூன் மாதம் பொற்கோயில் வளாகத்தில் எரிந்துபோன சீக்கிய ஆய்வு நூலகத்துக்கும் இதே கதிதான். சண்டைக்கு நடுவே எரிந்ததா, சண்டை ஓய்ந்த பிறகு எரிந்ததா என்று இன்னும் இரண்டு கதைகள்.

நாம் தமிழர்கள். 1981 மே 31 இரவு, காவலுக்கென்று கொண்டுவந்து குவிக்கப்பட்ட போலீஸ் ஊருக்குள் இருக்கும்போதே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. எரித்தவர்களில் போலீஸ்காரர்களே இருந்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள். அந்த நினைவு நம் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் சீருடை அணிந்தவர் பக்கத்தில் தீப்பிடித்தால் நம் சந்தேகம் நேராக அவர்மேல்தான் போகும். அதில் தவறு இல்லை. ஆனால் சந்தேகத்தோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அதற்கு அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து வேக்கோ நகரத்துக்குப் போக வேண்டும். மிக விரிவாக ஆராயப்பட்ட முற்றுகைத் தீ அது.

வேக்கோவுக்கு வெளியே மவுண்ட் கார்மல் என்ற இடத்தில், டேவிட் கொரேஷ் என்ற போதகரை நம்பி ஒரு கூட்டம் பலகையால் கட்டிய பெரிய கட்டடத்தில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தது. சட்டத்துக்குப் புறம்பான ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி 1993 பிப்ரவரி 28 அன்று மத்திய அதிகாரிகள் உள்ளே நுழையப் பார்த்தார்கள். துப்பாக்கிச் சண்டையில் அதிகாரிகள் 4 பேரும் உள்ளே இருந்தவர்கள் 6 பேரும் இறந்தார்கள். பிறகு எஃப்.பி.ஐ. வந்து வளைத்தது. 51 நாள். மின்சாரத்தைத் துண்டித்தார்கள். ஏப்ரல் 19 காலை ஆறு மணிக்குக் கவச வண்டிகளைக் கொண்டு சுவரைத் துளைத்துக் கண்ணீர்ப் புகையை உள்ளே செலுத்தத் தொடங்கினார்கள். நண்பகல் கடந்து சில நிமிடங்களில் தீப்பிடித்தது. பலத்த காற்று. முக்கால் மணி நேரத்துக்குள் கட்டடமே இல்லை. அன்று இறந்தவர்கள் 76 பேர், அதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தப்பி வெளியே வந்தவர்கள் 9 பேர்.

உள்ளே இருந்தவர்கள்தான் வைத்தார்கள் என்று அரசு அன்றே சொன்னது. அதற்கு ஆதாரமும் இருந்தது. ஏறக்குறைய ஒரே நேரத்தில், தனித்தனியே மூன்று இடங்களில் தீ தொடங்கியதாகப் படப்பதிவுகள் காட்டின. கட்டடத்துக்குள் ரகசியமாக அனுப்பிவைத்திருந்த ஒலிவாங்கிகளில் எரிபொருளைப் பரப்புவது பற்றிய பேச்சு பதிவாகியிருந்தது. தப்பி வந்தவர்களில் சிலரோ, வண்டிகள் சுவரை இடித்தபோது விளக்குகள் கவிழ்ந்து தீப்பிடித்தது என்றார்கள். இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்ட பலகைக் கட்டடத்தில் மக்கள் எரிபொருள் விளக்கை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். குண்டுக்குத் தடுப்பாகச் சன்னலோரம் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். சுவரில் வண்டிகள் போட்ட ஓட்டைகள் வழியே காற்று அடிக்கிறது. பற்றவைத்தது எந்தக் கையாக இருந்தாலும், பற்றினால் அணையாத நிலைமைக்கு இரு தரப்பும் சேர்ந்து அந்தக் கட்டடத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. தீயணைப்பு வண்டிகளோ தீ தொடங்கி ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தன. துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து அவற்றைச் சற்று நேரம் வழியிலும் நிறுத்தி வைத்தார்கள். அடுத்த மாதமே புல்டோசர் வந்து இடிபாட்டைச் சமன் செய்துவிட்டது.

ஆறு ஆண்டுகள் போயின. 1999 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. அன்று காலை தீப்பொறியால் இயங்கும் கண்ணீர்ப் புகைக் குண்டுகளையும் தாங்கள் சுட்டதாகச் சொன்னது. அதுவரை, தீப்பிடிக்கக்கூடிய எதையும் பயன்படுத்தவே இல்லை என்று சொல்லிவந்தார்கள். அந்தக் குண்டுகள் தீ தொடங்குவதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன்பு சுடப்பட்டவை. விழுந்ததும் கட்டடத்தின் மேல் இல்லை, சற்றுத் தள்ளியிருந்த ஒரு குழிக்குள். தீக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை. அப்படியானால் ஏன் மறைக்க வேண்டும்? அந்த மாதம் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் 61 சதவீத அமெரிக்கர்கள் தீயை வைத்தது அரசுதான் என்று நம்புவதாகச் சொன்னார்கள்.

அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ, தன் துறைக்கு வெளியே இருந்த, எதிர்க்கட்சிக்காரரான முன்னாள் செனட்டர் ஜான் டான்ஃபோர்த் என்பவரிடம் விசாரணையை ஒப்படைத்தார். எப்படி விசாரித்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். விமானத்திலிருந்து எடுத்த வெப்பப் படத்தில் சில மின்னல்கள் தெரிந்தன. அவை அரசு ஆள்கள் சுட்ட துப்பாக்கியின் பொறி என்று ஓர் ஆவணப்படமே வாதாடியது. டான்ஃபோர்த் அதை வாயால் மறுக்கவில்லை. 2000 மார்ச்சில் ஒரு ராணுவத் திடலில் அதே மாதிரிக் கருவியை வானத்தில் பறக்கவிட்டு, கீழே துப்பாக்கியால் சுடச்சொல்லி, உடைந்த கண்ணாடியையும் தகரத்தையும் பரப்பிவைத்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வழக்கு நடத்திய இரு தரப்பும் அங்கே இருந்தன. மின்னல்கள் சிதறிக்கிடந்த பொருள்களில் பட்ட வெயிலின் பிரதிபலிப்பு என்று முடிவானது. அரசு தீ வைக்கவில்லை, உள்ளே இருந்தவர்கள்தான் வைத்தார்கள் என்று அவர் எழுதினார். அதே அறிக்கையில், குண்டு விஷயத்தை மறைத்தவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்.

அந்த முடிவை நான் ஏற்கிறேன். சாட்சியம் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. கேள்வி கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது என்றால், விடை நமக்குப் பிடிக்காததாக வந்தாலும் ஏற்றுக்கொள்கிற கடமையும் உண்டு. ஆனால் அந்த விடை வருவதற்கு முன்பே அமெரிக்கா கொடுத்த விலை என்ன தெரியுமா? வேக்கோ தீயை அரசு செய்த கொலை என்றே நம்பிய திமோதி மெக்வே என்ற முன்னாள் ராணுவ வீரன், சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1995-இல் அதே ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரத்து அரசுக் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தான். 168 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்றும் இருந்தது. அவன் செய்த கொலைக்கு அவன்தான் பொறுப்பு. ஆனாலும் அவநம்பிக்கை எங்கே விளைகிறது என்பதை அரசுகள் யோசிக்க வேண்டும். தேவையே இல்லாமல் மறைத்த ஒரு குண்டு, உண்மையான சாட்சியத்தையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

எல்லா முற்றுகைத் தீக்கும் விடை உள்ளே இருந்தவர்கள் பக்கமே போவதில்லை. ஃபிலடெல்ஃபியாவில் 1985 மே 13 அன்று, ‘மூவ்’ என்ற கறுப்பின இயக்கத்தார் இருந்த வீட்டைப் போலீஸ் வளைத்தது. நம் சால் போல ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். காலையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பத்தாயிரம் குண்டுகளுக்கு மேல் சுட்டார்கள். மாலையில் போலீஸ் ஹெலிகாப்டர் ஒன்று கூரை மேல் வெடிகுண்டைப் போட்டது. தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் அங்கேயே நின்றன. காலையில் வீட்டை நோக்கிப் பீய்ச்சிய அதே தண்ணீர், மாலையில் உடனே வரவில்லை. கூரையில் இருந்த காவல் கூண்டு எரிந்து விழட்டும் என்று விட்டார்கள். 11 பேர் இறந்தார்கள், அதில் 5 பேர் பிள்ளைகள். அக்கம்பக்கத்தில் 61 வீடுகள் சாம்பலாயின. ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் மட்டும் உயிரோடு வெளியே வந்தார்கள். மேயரே நியமித்த விசாரணைக் குழு, ஆள் இருக்கும் வீட்டின் மேல் குண்டு போட்டதை மனசாட்சிக்கு ஒவ்வாத செயல் என்று எழுதியது. அந்த முடிவுகளை எடுத்த அதிகாரி ஒருவர் மேலும் குற்ற வழக்கு வரவில்லை. இறந்தவர்களுடையவை என்று கருதப்பட்ட எலும்புகளில் சில, குடும்பத்துக்குத் தெரியாமல் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் கிடந்தது 2021-இல் வெளியே வந்தது. மகனையும் மகளையும் அடக்கம் செய்துவிட்டோம் என்று நினைத்திருந்த தாய் தந்தையருக்கு அந்தச் செய்தி என்ன செய்திருக்கும்?

இவ்வளவு தூரம் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கிருந்து ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் காட்கோபர் பக்கம் போனால், காமராஜ் நகரை ஒட்டி ரமாபாய் அம்பேத்கர் நகர் இருக்கிறது. 1997 ஜூலை 11 காலை அம்பேத்கர் சிலைக்கு யாரோ செருப்பு மாலை போட்டிருந்தார்கள். ஜனங்கள் கொதித்துப்போய் நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் வந்து சுட்டது. 10 பேர் இறந்தார்கள். அங்கே தீயே எரியவில்லை. ஆனால் போலீஸ் சொன்ன காரணம் தீதான். நெடுஞ்சாலையில் நின்ற கேஸ் டாங்கருக்குக் கூட்டம் தீ வைக்கப் பார்த்தது, வைத்திருந்தால் வட்டாரமே எரிந்திருக்கும், அதைத் தடுக்கத்தான் சுட்டோம் என்றார்கள். கேட்டவுடனே நம்பத் தோன்றும் காரணம். கேஸ் டாங்கர் வெடித்தால் என்ன ஆகும் என்று நெடுஞ்சாலையோரம் வாழ்கிற நமக்குத் தெரியாதா?

நீதிபதி குண்டேவார் ஆணையம் சாட்சிகளை விசாரித்தது. அந்த டாங்கர் கதை நிற்கவில்லை. துப்பாக்கிச் சூடு தேவையற்றது என்று ஆணையம் சொன்னது. சுட உத்தரவிட்ட சப்-இன்ஸ்பெக்டர் மனோகர் கதமுக்கு 2009-இல் செஷன்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டின்போது அவரை ஜாமீனில் விட்டது. ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எரிந்த தீக்கும் எரிந்திருக்கும் என்று சொல்லப்பட்ட தீக்கும் ஒரே விசாரணைதான் வேண்டும். டாங்கர் எங்கே நின்றது, சுட்டவர்கள் எங்கே நின்றார்கள், இடையில் எத்தனை அடி, குண்டு யார் உடம்பில் எங்கே பாய்ந்தது? டேப்பை வைத்து அளந்து சொல்லக்கூடிய விஷயங்கள் இவை. ஒரு விசாரணை இவற்றில்தான் உயிர் வாழ்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இதிலும் நம் மும்பைக்குப் பங்கு உண்டு. 1995 முதல் 1997 வரை மும்பை போலீஸ் நடத்திய 99 என்கவுன்ட்டர்களில் ஏறக்குறைய 135 பேர் இறந்ததைக் கேள்வி கேட்டு பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில், 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். சுட்ட போலீஸே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு நிலையத்துப் போலீஸோ மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். ரத்தம் படிந்த மண், முடி, நூல் வரை எடுத்துப் பாதுகாக்க வேண்டும். இது பெரிய முன்னேற்றம். அந்த வழக்கை நடத்தியவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த நெறிமுறைகளில் முற்றுகையில் எரிந்த கட்டடத்தை என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. ரத்தம் படிந்த மண்ணை நாளைக்கும் எடுக்கலாம். மண்ணெண்ணெய் ஊறிய சாம்பல் அதுவரை காத்திருக்காது.

மகாராஷ்டிரத்தில் தடயங்களைச் சோதிக்கும் கலீனா லேப் மாநில உள்துறையின் கீழ் இருக்கிறது. போலீஸும் உள்துறையின் கீழ்தான். அந்த லேபில் வேலை செய்கிறவர்களின் நேர்மையை நான் குறை சொல்லவில்லை. அமைப்பைச் சொல்கிறேன். சுட்டவரும் சோதிப்பவரும் ஒரே அமைச்சருக்குப் பதில் சொல்கிறார்கள். ஆனால் மும்பை ஃபயர் பிரிகேட் அப்படி இல்லை. அது மாநகராட்சியின் கீழ் இருக்கிறது. தாஜில் ஏணி போட்டு சன்னல் வழியே ஜனங்களை இறக்கியவர்கள் அவர்கள். தீ எங்கே தொடங்கியது, எப்படிப் பரவியது என்று அந்த நிமிடத்திலேயே கண்ணால் பார்க்கிறவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய கட்டுப்பாட்டு அறையில் எந்த நேரத்தில் அழைப்பு வந்தது, வண்டி எப்போது கிளம்பியது என்று பதிவு இருக்கும். உள்ளே போகவிடாமல் யாராவது நிறுத்தி வைத்திருந்தால் அதுவும் அந்தப் பதிவில் வர வேண்டும்.

ஆகவே நான் கேட்பது நான்கு. போலீஸ் வளைத்த இடத்தில் தீப்பிடித்து ஓர் உயிர் போனாலும், சண்டை ஓய்ந்த நிமிடத்திலிருந்து அந்தச் சாம்பல் மாஜிஸ்ட்ரேட்டின் முத்திரைக்குக் கீழே, ஃபயர் பிரிகேட் அதிகாரியின் பொறுப்பில் இருக்க வேண்டும். எடுக்கும் மாதிரியை மூன்றாகப் பிரித்து, ஒன்றை மாநிலத்துக்கு வெளியே உள்ள ஒரு லேபுக்கு அனுப்ப வேண்டும், ஒன்றை இறந்தவர் தரப்பு கேட்கும்போது கொடுக்க வைத்திருக்க வேண்டும். என்ன குண்டு, எந்த வகைக் கண்ணீர்ப் புகை, எத்தனை எண்ணிக்கை ஸ்டோரிலிருந்து வெளியே போனது என்ற பதிவேட்டை அன்றிரவே மாஜிஸ்ட்ரேட் கைப்பற்ற வேண்டும். மாஜிஸ்ட்ரேட் எழுத்தில் அனுமதி தரும் வரை அந்த வளாகத்துக்குள் ஜேசிபி நுழையக் கூடாது. இதற்குப் புதிதாக ஒரு துறை தேவையில்லை. அரசு ஓர் ஆணை போட்டால் போதும்.

கன்னம்வார் நகருக்கும் பார்க் சைட்டுக்கும் ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சி வேட்பாளரானாலும், இந்த நான்கையும் மராத்தியில் எழுதிக் கையில் கொடுங்கள். எழுதித்தர நான் இருக்கிறேன், மராத்தி நன்றாக வருகிற பிள்ளைகளும் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள், முதல் படியை இன்றைக்கே எழுதிவிடலாம்.